காருக்கு அடியில் போகும் முன்

சென்னியப்பன் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் ஃபைபர் பாடி போட்ட இரண்டு சீட் கார் ஒன்றை வாங்கினார். அதைத் தன் கையாலேயே பராமரிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசை வந்தால் லேசில் அடங்காது.

முதல் தடவை ஜாக்கியைக் கதவுக்குக் கீழே கொடுத்தார். பழைய காரில் அங்கே கொடுத்துத்தான் பழக்கம். இந்தக் காரில் அங்கே இருந்தது வெறும் ஃபைபர். அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதை ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. மனிதர் அழாத குறை.

ஒட்டும் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் கோகிலவாணி. ரேஸ் கார்களுக்கு பாடி கட்டுகிறவள். வயது இருபத்தொன்பது.

"காருக்கு அடியில போகோணும்னா, அந்தப் புள்ள வந்து சரின்னு சொல்லட்டும்" என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலவாணி வந்தாள். ஆயில் மாற்ற வேண்டும். அதற்கு முன்பக்கத்தைத் தூக்க வேண்டும்.

"அம்மணி, எங்க தூக்குனா தாங்கும்?"

"விரலை மடக்கித் தட்டிப் பாருங்க."

தட்டினார். பாடி டொக் டொக் என்றது. கையை இன்னும் உள்ளே விட்டு, அடியில் ஓடும் சேஸிஸ் சட்டத்தைத் தட்டினார். கெட்டி இரும்பு.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

"அங்க குடுங்க ஜாக்கிய."

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ஜாக்கியின் தலையில் பலகைத் துண்டு ஒன்றை வைத்து, சேஸிஸுக்கு நேராக மெல்ல ஏற்றினார். பிறகு காம்பவுண்டுச் சுவர் கட்டியதில் மிஞ்சிய ஹாலோ பிளாக் இரண்டைத் தூக்கி வந்தார்.

"அது எதுக்குங்க சார்?"

"முட்டுக் குடுக்க. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். காரைப் போல மூணு மடங்கு தாங்கும்."

அவள் வாதாடவில்லை. ஒரு பிளாக்கைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"கணக்கு சரிதாங்க சார். பிளாக்குக்குத்தான் தெரியலை."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாணவர்களை இப்படி மடக்கியே பழகியவர்.

அவள் தன் வண்டியிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை எடுத்துத் தந்தாள். பக்கத்துக்கு ஒன்றாக சேஸிஸுக்குக் கீழே நிறுத்தினார். ஜாக்கியை மெல்ல இறக்கினார். பாரம் ஸ்டாண்டுகளில் அமர்ந்தது. எல்லாம் சரியாகச் செய்தாயிற்று. அவர் பழைய பெட்ஷீட்டை விரித்து, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே கொடுக்கப் போனார்.

"எந்திரிங்க சார்."

எழுந்தார்.

அவள் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் உலுக்கினாள். கார் லேசாக அதிர்ந்தது.

"இப்ப அந்தப் பக்கம் நீங்க உலுக்குங்க. நல்லா உலுக்கோணும்."

அவர் போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். கை வரவில்லை.

"மூணு மாசம் ஒட்டுனது அம்மணி. விழுந்துருச்சுன்னா?"

"விழறதா இருந்தா இப்பவே விழட்டுங்க சார். அடியில இன்னும் நீங்க போகலை."