சவரக்கத்திக்கு ஓர் எண்ணெய்

முன்னொரு காலத்தில், வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்கு மதயானையைக் கண்டு பயமில்லை, எதிரிப் படையைக் கண்டு பயமில்லை. துருவைக் கண்டால்தான் பயம். ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, சந்தனம் என்கிற அரண்மனை நாவிதன் சவரம் பண்ணும்போது ராஜாவின் தாடையில் லேசாகக் கீறிவிட்டது. கத்தியை வாங்கிப் பார்த்தால் நுனியில் கடுகளவு துரு! துருக்கத்தி கீறினால் ஜன்னி கண்டு சாவார்கள் என்று எவனோ எப்போதோ சொன்னது ராஜாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான், சந்தனத்தை இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் சபையின் விகடகவி கூத்தபிரானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, குற்றம் மழையுடையது. மழையைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு நாவிதனை வெளியே விடுங்கள்" என்றான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

பிரதானி திருமலைக்கொழுந்து இதற்காகத்தான் காத்திருந்தார். தான் யோசனை சொன்னால் ராஜா கொட்டாவி விடுகிறார், இவன் உளறினால் வயிறு குலுங்கச் சிரிக்கிறார் என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"பிரபு, இத்தனை தெரிந்தவருக்குத் துருவைத் தடுக்கும் எண்ணெய் தெரியாமலா இருக்கும்? அவரே தேர்ந்தெடுத்துக் கத்தியில் பூசட்டும். கார்த்திகை தீபத்தன்று எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

"நல்லது. துரு இல்லாவிட்டால் நாவிதனுக்கு விடுதலை. இருந்தால் அதே கத்தி விகடகவியின் கழுத்துக்கு" என்றார் ராஜா. "கத்தியை ஒரு பெட்டியில் வையுங்கள், அது பிரதானியின் மாளிகையில் இருக்கட்டும். நான் திறக்கும் வரையில் யாரும் அந்தக் கத்தியைத் தொடக் கூடாது. இது என் ஆணை."

கூத்தபிரான் வீட்டுக்கு வந்தவன் சோற்றைக்கூடத் தொடவில்லை. மனைவி பேச்சியம்மையின் அரிவாள்மணை, பாக்குவெட்டி, தேங்காய் துருவி எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெயைப் பூசிக் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்தான். இரண்டு நாளில் நல்லெண்ணெய் பிசுக்கேறி ஒட்டியது. தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்க, நடுவில் துரு எட்டிப் பார்த்தது. விளக்கெண்ணெய் பூசிய பாக்குவெட்டி மட்டும் பளபளவென்று கிடந்தது.

"அப்புறம் என்னங்க, இதையே பூசிட்டு வாங்க" என்றாள் பேச்சியம்மை.

"மழைக்கு இது தாங்கும் பேச்சி. பிரதானி வீட்டுக்குத் தாங்குமா? துணியால ஒரு இழுப்பு இழுத்து, மேல கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிச்சான்னா முடிஞ்சுது என் கதை."

"ஐயோ, இந்த வாயை வச்சுக்கிட்டு நீங்க சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று அவள் அழுதாள். அவனுக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன், சட்டென்று எழுந்து வண்ணாரத் துறைக்கு நடந்தான். அங்கே என்ன வாங்கினான் என்று இப்போதே சொன்னால் மீதிக் கதையை நீங்களே முடித்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மறுநாள் சபையில் ஒரு கோழி இறகை எண்ணெயில் தோய்த்து, கையை எட்ட வைத்துக்கொண்டு கத்தியில் பூசினான்.

"தொடவே பயமோ?" என்று பிரதானி சிரித்தார்.

"உயிர்ப் பயம் ஐயா" என்றான் கூத்தபிரான்.

பெட்டி பிரதானி வீட்டுக்குப் போயிற்று. நாவிதன் சிறையில், அதனால் ராஜாவுக்குச் சவரமில்லை. ராஜா சவரம் செய்துகொள்ளாமல் சபையில் யாரும் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். எல்லாரும் தாடியைச் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். கூத்தபிரான் மட்டும் தாடிக்குக் கீழே கழுத்தைத் தடவிக்கொண்டு திரிந்தான். பிரதானி வேலைக்காரனை விட்டுத் துடைத்துவிட்டால்? மாட்டார், இந்தக் காரியத்துக்கு அவர் இன்னொருவனை நம்ப மாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். சொன்ன மறுநிமிஷமே மறுபடியும் பயம் பிடித்துக்கொள்ளும்.

தீபத்தன்று பெட்டி வந்தது. திறந்து பார்த்தால், கத்தி முழுக்கச் செக்கச்செவேலென்று துரு! ராஜா எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீர்கள் மகாராஜா!" என்று கூத்தபிரான் அலறிவிட்டான்.

"சாகப் போகிறவன் எனக்கு உத்தரவு போடுகிறானா? கூப்பிடு காவலரை!"

இருவர் வந்து அவன் தோளைப் பிடித்தார்கள். அவர்கள் பிடியில் இருந்தபடியே அவன் கத்தினான்.

"பிரபு, மரண தண்டனை என்றால் சபையார் எல்லாரும் தலைக்கு மேல் கைகூப்பிச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது உங்கள் பாட்டனார் வகுத்த முறை. அதை முடித்துவிட்டு என்னை முடியுங்கள்."

முறை முறைதானே. சபை முழுவதும் கைகள் உயர்ந்தன. பிரதானியின் கைகள் மட்டும் பட்டு உத்தரீயத்துக்குள்ளேயே இருந்தன.

"பிரதானியாரே, உமது கைகள் எங்கே?"

"சற்றுக் குளிர், பிரபு..."

"எடும் வெளியே!"

எடுத்தார். உள்ளங்கை முதல் மணிக்கட்டு வரை கன்னங்கரேலென்று கறுத்து, கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது. சபை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சேங்கொட்டை எண்ணெய், மகாராஜா" என்றான் கூத்தபிரான். "வண்ணார் துணிக்குக் குறி போடுவது. தோலில் பட்டால் இப்படித்தான். பூசிய எனக்கு இல்லை, துடைத்தவருக்கு இருக்கிறது."

பிரதானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா தன் தாடையைத் தடவினார். "அடப்பாவி! இதை என் கன்னத்தில் வைத்திருந்தால்?"

"தாங்கள் கத்திக்குத்தான் எண்ணெய் கேட்டீர்கள். கன்னத்துக்குக் கேட்கவில்லையே, பிரபு! மழையிலிருந்து கத்தியைக் காக்க விளக்கெண்ணெய் போதும். மனுஷக் கையிலிருந்து காக்கத்தான் இது."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே பிரதானியின் முத்திரை மோதிரம் பறிபோயிற்று. அதைக் கழற்றக்கூட ஆள் வரவில்லை, அவரே முனகிக்கொண்டு கழற்றினார். நாவிதன் சந்தனம் சிறையிலிருந்து வந்தான். விகடகவிக்கு ஒரு கிராமமும், ராஜாவுக்கும் முன்னதாக முதல் சவரமும் பரிசு.

சந்தனம் புதுக்கத்தியை எடுத்து அவன் மோவாயை நிமிர்த்தினான். கத்தி கழுத்துக்கு வந்ததும் கூத்தபிரான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஆடாதீங்க சாமி" என்றான் சந்தனம். "இது விளக்கெண்ணெய்தான்."

"தெரியும்டா. என் கழுத்துக்கு இன்னும் தெரியலையே!"

ராஜா மறுபடியும் சிரித்த சிரிப்பில், அவர் தாடைக் கீறலில் ஆறியிருந்த பொருக்கு உதிர்ந்து விழுந்தது.