பூட்டு கேட்ட கேள்வி

ஒரு குடும்பத்திடம் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது. எந்த ஊருக்கு வீடு மாறினாலும் அதுவும் கூடவே போகும்.

குடும்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா குமுதவல்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் தேன்மொழிக்கு ஒன்பது வயது. அப்பா கப்பலில் சமையல்காரர், வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். தேன்மொழி பள்ளி விட்டு வருவது நாலு மணிக்கு, அம்மா வருவது ஏழு மணிக்கு. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரமும் தன் பொறுப்பு என்று பூட்டு நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பொறுப்பில் ஒருநாள் அது தோற்றுப்போயிற்று. பழைய ஊரில் நல்ல மழை. சாவியைத் தொலைத்துவிட்டு வந்த தேன்மொழி கதவைத் தட்டினாள், பூட்டைப் பிடித்து இழுத்தாள், "திறயேன், திறயேன்" என்று கெஞ்சினாள். பூட்டு என்ன செய்யும்? சாவி இல்லாமல் திறக்கக் கூடாது என்றுதானே அதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஏழு மணிவரை பிள்ளை நனைந்தபடி நின்றாள். அக்கம்பக்கத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் பூட்டுக்கு இன்னும் போகவில்லை.

இப்போது அம்மாவுக்கு வேலை மாற்றல். சங்குத்துறை என்று கடலோரத்தில் ஓர் ஊர். சின்ன ஊர், ஆனால் காசு கொழிக்கும் ஊர். ஏழைத் தெரு என்று ஒன்று அங்கே கிடையாது. தரகர் மூன்று வீடு காட்டுவதாகச் சொன்னார். குமுதவல்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டைப் பார்த்தாலும் தன் பூட்டைக் கொண்டியில் மாட்டி, பூட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. அதனால் பூட்டும் அவள் கைப்பையில் ஏறிக்கொண்டது.

முதலில் கடற்கரைச் சாலை. நாலாவது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல் மொத்தமும் தெரிந்தது. அம்மா பூட்டிவிட்டு, "நீ திறந்து பாரு, நான் மொட்டை மாடியப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"என்னிடம் திருட்டு பயமே இல்லை" என்றது சாலை. "பதினாறு கேமரா. உனக்கு வேலையே இருக்காது."

"இந்தப் பிள்ளை சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால் எங்கே உட்காருவாள்?" என்று கேட்டது பூட்டு.

"உட்காருவதா? கீழே 'உட்காரக் கூடாது' என்று ஒரு பலகை வைத்திருக்கிறேனே, நீ படிக்கவில்லையா?"

பூட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருட்டுத்தனம் செய்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றே இறுகிக்கொண்டது. தேன்மொழி சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். காவலாளி வந்தார்.

"பாப்பா, இங்கெல்லாம் உக்காரக் கூடாது. என்னையத் திட்டுவாங்க. எந்திரிம்மா."

அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதைப் பார்த்துப் பூட்டு குழம்பியது.

இரண்டாவது பூங்கா நகர். தனித்தனி வீடுகள், வாசலெல்லாம் போகன்வில்லா.

"என் ஜனங்கள் தங்கம்" என்றது பூங்கா நகர். "வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம்."

பூட்டு இங்கேயும் இறுகிக்கொண்டது. அம்மா சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுத் தரகரோடு பின்பக்கத்துக் கிணற்றைப் பார்க்கப் போயிருந்தாள். தேன்மொழி வாசலில் தனியாக நின்றாள். பத்து நிமிஷத்தில் பூங்கா நகர் பெருமையாக, "பார்த்தாயா! 'தெரியாத குழந்தை ஒன்று வெயிலில் நிற்கிறது' என்று போட்டோவோடு போட்டுவிட்டார்கள். அதற்குள் நாற்பத்தொரு பேர் பதில்!" என்றது.

"யாராவது வந்தார்களா?"

"அதுதான் பதில் போட்டுவிட்டார்களே."

பூட்டுக்குத் தலை சுற்றியது. நாற்பத்தொரு பேர் கவலைப்படுகிறார்கள், பிள்ளையோ அதே வெயிலில் நிற்கிறாள். இதை அக்கறை என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாமா?

மூன்றாவது சுங்கத் தெரு. பழைய பணக்காரர்களின் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. மீன் வாடை, மிக்ஸி சத்தம், காரை எங்கே நிறுத்துவது என்று சண்டை. "உங்களுக்குச் சரிப்பட்டு வராதும்மா, சும்மா பாத்து வைங்க" என்றார் தரகர். கடல் காற்று நேராக வந்து பூட்டின் மேல் உப்பாகப் படிந்தது.

"இங்கே நான் நாலு வருஷம்கூடத் தாங்க மாட்டேன் போலிருக்கிறதே" என்றது பூட்டு.

"மூன்றுதான்" என்றது தெரு. அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"பிள்ளை சாவியைத் தொலைத்தால்?"

"தெரியலையேப்பா. என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை."

அம்மா சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுத் தெருக்கோடி வரை நடந்து பார்க்கப் போனதும் பூட்டு இறுகிக்கொண்டது. தேன்மொழி உதட்டைப் பிதுக்கினாள். எதிர்வீட்டில் கை நிறைய வளையல் போட்ட ஓர் அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, யாரு நீ? ஒங்க அம்மா எங்க? அப்பாவக் காணோம்? கப்பல்லயா? எவ்ளோ சம்பளம்? சரி சரி, அங்கன நின்னு என்ன பண்ணப் போற, உள்ள வா."

இதென்ன, பிள்ளையைக் கூப்பிடுகிறாளா, வம்பு பிடுங்குகிறாளா? பூட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குவதற்குள் தேன்மொழி உள்ளே போய்விட்டாள்.

குமுதவல்லி திரும்பி வந்தபோது கதவு பூட்டியே கிடந்தது. மகளைக் காணவில்லை.

"தேனு!"

ஒரே ஒரு தடவைதான் கத்தினாள்.

"இங்கதான் இருக்கா, இருக்கா!" என்றாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள். "நாகூராங்கனி வீட்டுல, வடை தின்னுட்டு இருக்கு" என்றார் இஸ்திரி வண்டிக்காரர். காருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு எதிர்வீட்டைக் கையால் காட்டினார்கள்.

வாயெல்லாம் எண்ணெயோடு தேன்மொழி வெளியே வந்தாள். "இம்புட்டு சின்னப் புள்ளைய இப்பிடியா விட்டுட்டுப் போவ?" என்று பின்னாலேயே வந்த எதிர்வீட்டு அம்மாள் நாகூராங்கனி ஒரு பாட்டம் திட்டினாள். குமுதவல்லிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. முன்பின் தெரியாதவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, எதற்கு என்று தெரியாமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிம்மதியா இருக்க விடமாட்டாங்க போலயே" என்று முணுமுணுத்தபடி குமுதவல்லி மகளிடமிருந்து சாவியை வாங்கிப் போட்டாள். தொட்டவுடன் திறந்துகொண்டது பூட்டு.

"நம்ம பூட்டு இப்ப மட்டும் நல்லாத் தொறக்குதுல்ல, அம்மா?" என்றாள் தேன்மொழி.

அம்மா தெருவை ஒரு தடவை பார்த்தாள், மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரகரைக் கூப்பிட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டாள்.

உப்புக் காற்று வீசியது. தான் களிம்பேறிப் போனாலும் சரி, சாவி தொலைந்தாலும் சரி என்று அந்தப் பூட்டுக்கு முதல் முறையாகத் தோன்றியது.