இருபத்தேழு கோடுகள்

பெரம்பூரில் பழைய கிட்டார்களைப் பழுது பார்க்கும் ஷெரிலுக்கு முப்பத்தொரு வயது. அவளுடைய ஒரே சீடர் அறவாழிக்கு அறுபத்திரண்டு. ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள்.

கடைச் சுவரில் ஒரு நூறு வயதுக் கிட்டார் தொங்கியது. ஷெரிலின் கொள்ளுத்தாத்தா செய்தது. ஒரு கம்பியைத் தொட்டால் போதும், ஒலி கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அச்சு அசலாக அதைப்போல ஒன்று செய்துவிட வேண்டும் என்று அறவாழிக்கு வெறி.

எட்டு மாதம் அளந்தார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்து அளந்தார். மரம் அறுத்து இழைக்க இடம் வேண்டி, அவர் வீட்டுத் தையல் மெஷின் பால்கனிக்குக் குடிபோனது. “ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சிங்க வராங்கல்ல? நீ பாடு, நான் வாசிக்கிறேன்” என்று மனைவி குமுதவல்லியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கம்பி கட்டி மீட்டினார். அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ‘டொக்’ என்றது.

கிட்டாரைப் போர்வையில் சுற்றி, ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

“ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது டீச்சர். நாதம் மட்டும் வரலை.”

ஷெரில் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை.

“இது என்ன சார்?”

அறவாழியின் முகம் மலர்ந்தது. “கேப்பீங்கன்னு தெரியும். பழசுல, கம்பியெல்லாம் போய் முடியிற இடத்துக்கு நேர் கீழே ஒரு துண்டு ஒட்டியிருக்கு. அது மட்டும் வேற மரம். அதுல இருபத்தேழு கோடு. கோட்டுக்குக் கோடு ஒன்று புள்ளி ஐந்து ஒன்பது மில்லிமீட்டர். உங்க கொள்ளுத்தாத்தா நாதத்தை அங்கேதான் பிரிச்சு அனுப்பியிருக்கார்! அதே மாதிரி ஒரு துண்டு செஞ்சு, லென்ஸ் வச்சுப் பிளேடால கீறினேன். பதினோரு நாள் ஆச்சு.”

ஷெரில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒன்பது வயசுல நான் கட்டில்ல இருந்து குதிச்சேன் சார். கீழே அந்தக் கிட்டார் இருந்துச்சு. மேல்பலகை விரிஞ்சிடுச்சு. அப்பா கைக்குக் கிடைச்சதை வச்சு உள்பக்கம் ஒட்டுப் போட்டார்.”

“என்ன கிடைச்சுது?”

“என்னோட ஸ்கூல் மர ஸ்கேல். நம்பர் எல்லாம் தேஞ்சு போனது.”

அறவாழியின் கை சட்டைப்பைக்குப் போனது. முப்பத்தைந்து வருஷம் சட்டைப்பையில் ஸ்கேல் இல்லாமல் வெளியே கிளம்பாத மனிதர்.

“அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு” என்று தனக்குள் முனகினார்.

ஷெரில் டீ வரவழைத்தாள். அவர் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது. திடீரென்று தலையைத் தூக்கினார்.

“ஸ்கேலாவே இருக்கட்டும் டீச்சர். அதை ஒட்டின பிறகும் பழசு பாடுதே! அப்ப அந்தத் துண்டுக்கு அதுல ஏதோ வேலை இருக்குன்னுதானே அர்த்தம்?”

“இருக்கு சார்.”

“அதே துண்டு என்னோடதுல ஏன் வேலை செய்யலை?”

ஷெரில் அவருடைய கிட்டாரை மடியில் வைத்து, பளபளத்த மேல்பலகையை ஓரம் தொட்டு ஓரம் வரை விரலால் தடவினாள். ஒரு விரிசல் இல்லை.

“உங்க கிட்டார் மேல யார் சார் குதிச்சாங்க?”