மாயன் காட்டில் விட்டுவந்த மீசை

எங்கள் கருவேலம்பட்டியில் வெயிலுகந்தான், குழைக்காதன், மாசானம் என்று மூன்று பேர் கூட்டாகச் சிமெண்ட் கடை வைத்திருந்தார்கள். மூன்று தலை சேர்ந்தால் ஒரு மூளையாவது இருக்கும் என்று ஊர் நம்பியது. ஊரின் நம்பிக்கை அது.

ஒரு வருஷம் ஊரில் கல்யாண மண்டபமும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து எழும்பியதில் மூட்டைகள் தாமாகவே விற்றுத் தீர்ந்தன. சிமெண்ட் கம்பெனி மகிழ்ந்துபோய் மூவரையும் வெளிநாடு கூட்டிப்போவதாகச் சொன்னது. பாங்காக் எல்லாரும் பார்த்தாகிவிட்டதால் இந்த முறை குவாத்தமாலா. அங்கே மழைக்காட்டுக்கு நடுவில், மாயன் மக்கள் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கட்டிய கல்கோயில்கள் இருக்கின்றன.

வெயிலுகந்தானின் மனைவியுடைய அண்ணன் ஆவுடையப்பன் இதை நம்பவில்லை.

"குத்தாலத்துக்குப் போன பஸ்ல தூங்கி, செங்கோட்டையில இறங்கி, அருவி எங்கன்னு கேட்ட ஆளுதானே மாப்ளே நீரு? நீரு மாயன் கோயிலுக்குப் போறீராக்கும்! போனதுக்கு அத்தாட்சி காட்டும், என் மீசையை எடுத்துருதேன். காட்டலேன்னா உம்ம மீசை போயிரும்."

வெயிலுகந்தானுடைய மீசை லேசுப்பட்டதல்ல. கடையின் பெயர்ப்பலகை காற்றில் விழுந்த பிறகு, லாரிக்காரர்கள் "மீசைக்காரர் கடை எது?" என்று கேட்டுத்தான் வந்தார்கள். அவனும் காலையில் கண்ணாடியில் முதலில் மீசையைத்தான் தேடுவான். அது இருந்தால் தானும் இருப்பதாக எடுத்துக்கொண்டு பல் தேய்க்கப் போவான். அப்படிப்பட்ட மீசையைப் பணயம் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

காட்டுக்குப் போகவேண்டிய நாளில், கூட்டிவந்த டூர் மேனேஜர் செல்வினுக்கு வயிறு சரியில்லை. விடுதிக் கட்டிலில் படுத்தபடியே சொல்லி அனுப்பினார்.

"அண்ணாச்சி, காட்டைக் கெடுத்துராதீங்க. போட்டோவைத் தவிர எதையும் எடுத்துட்டு வராதீங்க. காலடித் தடத்தைத் தவிர எதையும் விட்டுட்டு வராதீங்க. இது அந்த ஊர்ச் சட்டம்."

துணைக்கு வந்தவர் அன்செல்மோ என்ற உள்ளூர் வழிகாட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதனால் பேச்சுவார்த்தை சுமுகமாக இருந்தது.

காட்டுக்குள் நுழைந்ததுமே ஒரு கொசு மாசானத்தைக் கடித்துவிட்டுப் பறந்தது.

"அதைப் பிடிங்க வே!" என்று அலறினான் மாசானம். "என் ரத்தத்தைக் கொண்டுபோகுது. ரத்தத்தைக் காட்டுல விட்டுட்டு வரலாமா?"

மூவரும் புதருக்குள் பாய்ந்தார்கள். கடைசியில் குழைக்காதன் ஒரு கொசுவை அடித்துவிட்டான்.

"ரத்தம் நம்மளுது. எடுத்துக்கிடலாம்" என்றான், உள்ளங்கையைப் பார்த்தபடி. "ஆனா கொசு காட்டோடதுல்லா?"

யோசித்து, கொசுவை மட்டும் ஊதிவிட்டார்கள். ரத்தத்தை மாசானம் வேட்டியில் துடைத்து எடுத்துக்கொண்டான்.

கோயில் வந்தது. மரங்களுக்கு மேலே மலைபோல நின்றது. மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிய பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது.

"செருப்போட போனா சாமிக்குத்தம்" என்றான் குழைக்காதன்.

"கீழ விட்டா சட்டக்குத்தம்" என்றான் மாசானம்.

ஆறு செருப்பையும் அன்செல்மோவின் கைகளில் மாட்டிவிட்டார்கள். அவர் அந்த ஊர்க்காரர். அவரிடம் கொடுப்பது விட்டுவிடுவது ஆகாது. செருப்புத் தோரணத்தோடு அவரே படமும் எடுத்தார். படத்தில் மூவரும் முதல் படியில் நின்றார்கள், பின்னால் முழுக் கோயில், நடுவில் வெயிலுகந்தானின் மீசை. அவன் போனை வாங்கிப் பார்த்துக் கண்கலங்கினான்.

"மீசை பிழைச்சுது வே."

கிளம்பலாம் என்றால் மாசானம் விடவில்லை. "காலடித் தடத்தை விடச் சொன்னாங்களே, விட்டமா?"

குனிந்து பார்த்தார்கள். கல்லில் தடம் விழவில்லை. சேற்றை மிதித்துவிட்டு வந்து படியில் வரிசையாகத் தடம் வைத்தார்கள். மழை வந்து கழுவியது. மறுபடி வைத்தார்கள். மறுபடி கழுவியது. மழைக்காட்டில் மழைக்கு வேறு வேலை இல்லை. அன்செல்மோ மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தார்.

திரும்பும் வழியில் அவர் ஒரு நெட்டை மரத்தைக் காட்டினார். பட்டையில் வெட்டுகள், அவற்றிலிருந்து வெள்ளைப் பால் வடிந்துகொண்டிருந்தது. மெல்லுவதுபோல வாயை அசைத்துக் காட்டினார். சூயிங்கம் செய்கிற பால்.

"இலையைப் பார்த்தா நம்ம சப்போட்டா மாதிரி இருக்கே" என்றான் குழைக்காதன்.

"மோந்து பார்த்தா தெரிஞ்சிரும்" என்று வெயிலுகந்தான் முகத்தைக் கொண்டுபோனான்.

"என்ன வே, சப்போட்டாதானா?"

"சப்போட்டாதான்" என்றான் வெயிலுகந்தான் பட்டைக்குள்ளிருந்து. "ஆனா என்னை விடமாட்டேங்குது."

மீசை முழுக்கப் பாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் தரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"இழுத்தா பட்டை பிய்ஞ்சு வந்துரும். பட்டை காட்டோடது. எடுத்துட்டுப் போகக்கூடாது."

"வெட்டினா மீசை இங்க நின்னுரும். மீசை நம்மளுது. விட்டுட்டுப் போகக்கூடாது."

"அப்ப இவன் இங்கனயே இருந்துர வேண்டியதுதான்."

"இவனை விட்டுட்டுப் போனாலும் விட்டுட்டுப் போனதுதானே வே?"

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, எறும்பு வருது" என்றான் வெயிலுகந்தான்.

அன்செல்மோ வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடுப்புக் கத்தியை உருவி, மூக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஒரே இழுப்பு. மீசை மரத்தில் நின்றது. வெயிலுகந்தான் தரையில் விழுந்தான்.

"போனா போகுது" என்று மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "அத்தாட்சி போன்ல இருக்கு."

ஊரில் ஆவுடையப்பன் கடைவாசலில் நாற்காலி போட்டு, நாவிதரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காத்திருந்தான். வெயிலுகந்தான் பெருமையாகப் போனை நீட்டினான். ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தான். வெயிலுகந்தானின் முகத்தைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"குழைக்காதன் நிக்கான், சரி. மாசானம் நிக்கான், சரி. நடுவுல மீசையோட நிக்கது யாரு?"

"வெயிலுகந்தான்" என்றார்கள் இருவரும்.

"அப்ப இங்க மீசையில்லாம நிக்கது யாரு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலுகந்தான் கடைக்குள் ஓடிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தான்.

"மச்சான் சொல்லுறது சரிதான் வே. அவன் இங்க இல்ல."

"ஐயையோ!" குழைக்காதன் தலையில் கைவைத்தான். "காட்டுல எதையும் விட்டுட்டு வராதீங்கன்னு செல்வின் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! வெயிலுகந்தானையே விட்டுட்டு வந்துட்டோமே!"

"பாவம், அந்த ஊர்ப் பாஷைகூடத் தெரியாதே அவனுக்கு" என்று முதலில் அழுதவன் வெயிலுகந்தான்தான். "இப்பவே கிளம்புவோம். நனைஞ்சு நிப்பான். மாத்துத் துணி கொண்டுபோகணும்."

வீட்டுக்கு ஓடி, கொடியில் கிடந்த வெயிலுகந்தானின் சட்டையை எடுத்தான். அவனுக்கு அளவு சரியாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். எதற்கும் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நிம்மதியாகக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.