சிறைக்குப் போன கம்ப்யூட்டர்

தேனாம்பட்டி சமஸ்தானத்து அரண்மனையில் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடி வைத்துவிடலாம். வந்துவிட்டது. மன்னர் வீரகேசரியின் அறையில், பட்டுத் துணி விரித்த மேஜைமேல் அது இருந்தது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் மன்னர் அதில் சீட்டாடுவார். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அதன் திரையில் மீன்கள் நீந்தும். பார்க்க ஆள் கிடையாது. மீன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதை அணைக்கக் கூடாது என்பது மன்னரின் கட்டளை. ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி போட்டபோது இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் மன்னர் காத்திருந்தார். அவர் வம்சத்தில் அதற்கு முன் யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்கிறவர் வந்தார். அட்டையில் எழுதினார். எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

மன்னர் அட்டையோடு சபைக்கு வந்தார். "நூற்றெண்பது யூனிட் கூடியிருக்கிறது! யார் வேலை இது?"

பொக்கிஷ அதிகாரி பரமானந்தர் எழுந்தார். "சமையல்கட்டுச் செங்கமலம்தான், மன்னா. கிரைண்டர் ஓட்டுகிறாள். அது போடுகிற சத்தம் ஒன்று போதாதா?"

கம்ப்யூட்டரை வாங்கச் சொன்னவர் இந்தப் பரமானந்தர்தான். அதனால் அவருக்குக் கிரைண்டர் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

செங்கமலத்தை அழைத்து வந்தார்கள். "காலையில ஒரு மணி நேரந்தான் ஓட்டறேன், மகாராசா. இட்லிக்கு மாவு வேணுமில்ல? வேலைய விட்டு அனுப்பிட்டா நானும் எம் மகளும் எங்க போவோம்?" என்று அழுதாள்.

"நாளை முதல் நீ வர வேண்டாம்" என்றார் மன்னர்.

சபையில் விகடகவி ஒருவர் உண்டு. பெயர் திருமலைக்கொழுந்து. செங்கமலம் அழுததை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அது போதாது, மன்னா. வேலை செய்யாமல் கரண்ட் தின்பவர் யாராயிருந்தாலும் சிறை என்று ஆணை போடுங்கள். விசாரித்து நாளைக்கே பிடித்துத் தருகிறேன்."

செங்கமலம் அவரைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும். மன்னருக்கோ ஆணை பிடித்துப்போனது. கையெழுத்துப் போட்டார். பரமானந்தர் இரண்டு தடவை தலையாட்டினார்.

மறுநாள் காலை கொழுந்து கிரைண்டரின் வயரைப் பிடுங்கச் சொன்னார். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்தார். வேலைக்காரர்களைத் தோட்டத்துக்கு அனுப்பினார். பிறகு மன்னரையும் சபையாரையும் மீட்டர்முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

மீட்டர் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஓடுகிறதே?" என்றார் மன்னர்.

"உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மன்னா."

கொழுந்து கை காட்டினார். இரண்டு காவலர்கள் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் நின்றது. காவலர்கள் குற்றவாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் வயராலேயே அதைக் கட்டியிருந்தார்கள்.

"அது என் கம்ப்யூட்டர்!"

"இவர்தான், மன்னா. வேலை தினமும் அரை மணி நேரம். சாப்பாடு மூன்று யூனிட். அந்த மூன்று யூனிட்டில் செங்கமலம் இருபது நாளைக்கு மாவாட்டிவிடுவாள்."

மன்னர் பரமானந்தரைப் பார்த்தார். பரமானந்தர் மீட்டரைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் போட்ட ஆணையை எப்படி மாற்றுவது? கம்ப்யூட்டர் சிறைக்குப் போனது. செங்கமலம் கிரைண்டருக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் மன்னர் சீட்டாடச் சிறைக்குப் போனார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். மறுநாளும் அதே மரியாதைதான். மூன்றாம் நாள் மன்னர் கொழுந்தை அழைத்தார்.

"ஏதாவது வழி சொல்லும்."

"ஜாமீனில் விடலாம், மன்னா. ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்."

பரமானந்தருக்கு அன்று திடீரென்று கைவலி. மன்னர் தாமே கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் பழைய மேஜைக்குத் திரும்பியது. மன்னர் ஆசை தீர ஆடிவிட்டுச் சபைக்கு வந்து உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கொழுந்துக்கு ஒரு பொற்காசு மாலையும் போட்டார். அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கொழுந்து, என்றைக்காவது அணைக்க மறந்துவிட்டால் மறுபடியும் கம்ப்யூட்டரைச் சிறைக்குக் கொண்டுபோய்விடுவீரோ?"

"சேச்சே! அதைத் தொடவே மாட்டோம், மன்னா. நிபந்தனை மீறினால் ஜாமீன் போட்டவரைத்தான் உள்ளே வைப்போம். தங்கள் தாத்தா போட்ட சட்டம்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சபையே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து தம் அறைக்குப் போன மன்னர், அது அணைந்துதான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.