எட்டில் ஓடிய ஏழாம் போர்ட்

கோவை நூற்பாலை ஒன்றின் தலைமை அலுவலகத்தில், புது நாற்காலியோ காலண்டரோ, எது வந்தாலும் முதலில் பொது மேலாளர் வேதாசலத்துக்குத்தான் போக வேண்டும். கோப்புகளைச் சேமிக்கும் பெட்டிகளை இணைக்கப் புது சுவிட்ச் வந்தபோதும் அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். திரையில் சில போர்ட்டுகளின், அதாவது பெட்டிகளின் கேபிளைச் செருகும் துளைகளின், வேகம் 32 கிகாபிட், சிலவற்றுக்கு வெறும் 8.

"முப்பத்திரண்டுன்னுதானே வாங்கினோம்? எல்லாத்தையும் முப்பத்திரண்டுலயே பூட்டும்மா. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

ஒப்பந்தப் பணியாளர் தமயந்தி, "எட்டுல ஓடுறதெல்லாம் பழைய பெட்டிங்க சார்" என்றாள்.

"எனக்கே பாடமா?"

"இல்லீங்க சார். யாரோட பெட்டியில ஆரம்பிக்கட்டுங்க?"

"இதென்ன கேள்வி? என்னோடதுலதான்!"

தமயந்தி அவர் பெட்டி செருகியிருந்த ஏழாம் போர்ட்டை 32-இல் பூட்டினாள். அதன் பச்சை விளக்கு அணைந்தது. மதியம் சேர்மன் முன்னால் வேதாசலம் படிக்க வேண்டிய உரை அந்தப் பெட்டியில்தான் இருந்தது; அது அவர் கணினியில் பாதியில் உறைந்து நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

"உங்க பெட்டிக்கு எட்டுதான் தெரியுங்க சார். காலையிலிருந்து சுவிட்சுதான் எட்டுக்கு இறங்கி வந்து அதோட பேசிட்டிருந்துச்சு. அடுத்து யாரோடதுங்க?"

"முதல்ல என்னோடதை எட்டுக்கே இறக்கு!"

பூட்டை எடுத்ததும் பச்சை திரும்பியது. எட்டுக்கு இறங்கியதிலும் அவருக்கே முதலிடம். தமயந்தி மறுநாளும் வேலைக்கு வந்தாள்.