சிவப்புத் திரை

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி என்று ஒருவர். முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்தவர். இரண்டு சாட்சி இல்லாமல் பெற்ற தகப்பனே வந்து நின்றாலும் பத்திரத்தைத் தொடமாட்டார். ஓய்வு பெற்றதும் மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கல்லூரியில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நிலோஃபரிடம் தொழில் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தார். சீடருக்கு அறுபத்திரண்டு, குருவுக்கு முப்பத்தொன்று. இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறே மாதத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு மீடியா சர்வர் ஆக்கிவிட்டார். மகள் கல்யாண வீடியோ, பேரன் ஞானஸ்நானம், மனைவி சுகிர்தம் விரும்பிப் பார்க்கும் பழைய படங்கள் எல்லாம் அதில் ஏறின. நடுவில் யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டிய எச்.டி.டி.பி.எஸ். இணைப்பும் போட்டார். ‘இது இன்னாருடைய சர்வர்தான்’ என்று அதற்கு வேண்டிய சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிரவுசர் அந்தக் கையெழுத்தை மதிக்கவில்லை. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்புத் திரையைக் காட்டியது. ஞானசிகாமணி மனைவிக்கு வழி சொல்லிக் கொடுத்தார்.

“சிவப்பா வந்தா பயப்படாத. கீழ் ஓரத்துல ஒரு தொடு. அப்புறம் ‘பரவாயில்லை, போகலாம்’னு வரும். அதையும் தொடு. அவ்வளவுதான்.”

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை நிலோஃபர் அவர் வீட்டுக்கு வந்தார். சீடர் காத்திருந்ததுபோலக் கேட்டார்.

“டீச்சர், நான் கையெழுத்துப் போட்டாலும் பூட்டு பூட்டுதான? நம்ம வீட்டுக்கு நாம எதுக்கு ஊரான்கிட்ட கையெழுத்து வாங்கணும்?”

“பூட்டு நல்ல பூட்டுதான் சார்” என்றார் நிலோஃபர். “உங்க ரவுட்டர்ல ஒரு சின்ன மாற்றம் பண்ணிக்கிடட்டுமா?”

“தாராளமா.”

நிலோஃபர் தன் லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிஷம் ஏதோ செய்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அம்மா, உங்க ஆசிரியர் சேமிப்புச் சங்கத்துப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?”

சுகிர்தம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறது. டேப்லெட்டை எடுத்துத் திறந்தார்.

சிவப்புத் திரை வந்தது.

சுகிர்தம் மூக்குக்கண்ணாடிகூடப் போடவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு தொடு, பிறகு இன்னொரு தொடு. சங்கத்தின் பக்கம் போலவே ஒன்று வந்தது. பாஸ்வேர்ட் போடப் போன சமயம், நிலோஃபர் டேப்லெட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“போதும்மா. இது சங்கம் இல்லை. என் லேப்டாப். சங்கத்துக்குப் போற வழியை ரவுட்டர்ல இதுக்குத் திருப்பி விட்டிருக்கேன்.”

“ஐயோ, சிவப்பா வந்ததும் நம்ம வீட்டுப் படப்பெட்டி மாதிரிதான்னு நினைச்சேன்” என்றார் சுகிர்தம். “அவுக சொல்லித் தந்தது. அவுக சொன்னா சரியாத்தான இருக்கும்?”

ஞானசிகாமணி மனைவியைப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவர் சொன்னதை அப்படியே நம்பிய பொம்பளை. யார் யாருக்கோ இரண்டு சாட்சி கேட்டவர், இவளுக்கு ஒரு சாட்சிகூட வைக்கவில்லை. நேராகச் சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தார். வீட்டு சர்வருக்கு முறைப்படி ஒரு பெயர் பதிவு செய்தார். அந்தப் பெயருக்கு, பிரவுசர்கள் நம்பும் இடத்தில் சான்றிதழ் வாங்கினார். சிரமமே இல்லை, இலவசமாகவே கிடைத்தது. நிலோஃபர் அதற்குள் ரவுட்டரைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, சுகிர்தம் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஞானசிகாமணி டேப்லெட்டில் திறந்து பார்த்தார். கல்யாண வீடியோ நேராக வந்தது.

“முடிஞ்சுது டீச்சர். இனிமே சிவப்பு வராது.”

“உங்க சர்வர்ல வராது சார்.”

“வேற எங்க வரும்?”

நிலோஃபர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சங்கத்துப் பக்கத்துல ஒருநாள் நிஜமாவே வரும். அன்னிக்கு நீங்க வீட்ல இருக்கமாட்டீங்க. நாலு மாசம் நீங்க பழக்குன அம்மா விரல்தான் இருக்கும்.”